பாலத்துக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் போகும்?

(முடிச்சூர் தெருமுனைக் கூட்டத்தில் நமது கட்சிப் பேச்சாளர் ஆற்றிய உரையிலிருந்து)



2015 டிசம்பர்ல இந்தப் பகுதியில் படகு ஓடியது. அதுல ஏறி வெளியே வந்தவங்களே இங்க உட்கார்ந்திருப்பீங்க. 2023-ல் மிக்ஜாம் புயலப்போ மறுபடியும் தண்ணி வந்தது. ரெண்டு தடவையும் டிவியைத் திறந்தா செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம்தான்! செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் எங்கே சேருது? திருநீர்மலைகிட்ட. அது நமக்குக் கீழே இருக்குங்க. நம்ம வீட்டுக்குள்ள வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரித் தண்ணி. ஏரி நிரம்பினா கலங்கல் வழியா அது பாட்டுக்கு வரும். யாரும் ஷட்டர் திறக்க வேண்டியதில்லை.

அந்தத் தண்ணி கடலுக்குப் போகணும்னா வழியில் இருக்கிற ஒவ்வொரு பாலத்தின் கண்ணுக்குள்ளயும் நுழைஞ்சுதான் போகணும். நாம என்ன செய்தோம்? பாலம் வேணும்னு மறியல் பண்ணோம். கட்டினாங்க. மேலே பஸ் போகுதா, சந்தோஷம். கீழே குனிஞ்சு பார்த்தோமா? கண்ணுல பாதிக்கு மண். மீதியில ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக், ராத்திரியோட ராத்திரியா கொட்டின கட்டட இடிபாடு. வெள்ளம் வரும்போது அது பாலமில்லை, தடுப்பணை. பின்னால் தேங்குற தண்ணிதான் நம்ம படுக்கையறைக்கு வருது.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டு – தொண்டமானூர் இடையே தென்பெண்ணையாற்றில் ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் உயர்மட்டப் பாலம். 2024 செப்டம்பரில் திறந்தார்கள். டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மூணே மாசம்! வடிவமைத்த அளவைவிட அதிகத் தண்ணீர் வந்துவிட்டது என்று அரசுத் தரப்பு சொன்னது. சரி, ஏத்துக்குவோம். அந்த அளவு என்னன்னு பாலம் உடையறதுக்கு முன்னாடி ஜனங்களுக்கு யார் சொன்னது? திறந்துவைத்தவர் பேரை மட்டும் கல்லுல வெட்டுறாங்களே, எத்தனை கனஅடி தாங்கும்னு ஏன் வெட்டக்கூடாது? எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும் இதுதான் நம்ம கேள்வி. நாளைக்கு நாமே வந்தாலும் கேளுங்க.

அதனால தோழர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு அச்சடிச்சு வெச்சிருக்கோம். முடிச்சூரிலிருந்து திருநீர்மலை வரை அடையாற்றின் மேலுள்ள ஒவ்வொரு பாலத்துக்கும் தனித்தனி மனு. வினாடிக்கு எத்தனை கனஅடிக்கு வடிவமைத்தது? கடைசியா கண்கள் எப்போ தூர் வாரப்பட்டது? தூண் அடியில் மண் அரிப்பு இருக்கான்னு எப்போ பார்த்தாங்க? அவ்வளவுதான் கேட்டிருக்கோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும். 30 நாளில் பதில் தரணும், அது சட்டம்.

மேடைக்கு வலப்பக்கம் நம்ம பசங்க மனுவோட நிக்கிறாங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாலத்தடியில் கூடுறோம். போட்டோ எடுக்கணும், செல்போன்ல சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க. பழைய செருப்பு போட்டுக்கங்க, கீழே கண்ணாடித் துண்டு கிடக்கு.