ஊழியமும் நிலமும்

அமெரிக்க மேற்கு எல்லைப்புறத்தில் முதலில் குடியேறியவர்களுள் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளும் அடங்குவர் என்பதில் இந்த அவையில் கருத்து வேறுபாடு இராது. அவர்கள் ஏன் குடியேறிகள் ஆனார்கள் என்பதுதான் கேள்வி. ஊழியம் பலிக்காமல் போனபின் ஏரைப் பிடித்தார்கள் என்பது பழகிய விளக்கம். அவர்களுடைய ஊழிய முறையே குடியேற்றமாக இருந்தது என்பது என் வாதம். மெதடிஸ்ட் போதகர் ஜேசன் லீ 1834-இல் ஆரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்கை அடைந்தார். 1836-இல் மிஷனரிகளான விட்மன் தம்பதியர் கேயூஸ் பழங்குடி மக்களிடையேயும், ஸ்பால்டிங் தம்பதியர் நெஸ் பெர்ஸ் மக்களிடையேயும் நிலையம் அமைத்தார்கள். மீன்பிடி, வேட்டை, கிழங்கு என்று பருவத்துக்கேற்ப இடம் மாறிய அம்மக்களை ஓரிடத்தில் நிறுத்தி உழ வைத்தால்தான் வேதம் பதியும் என்று நம்பினார்கள். ஆகவே பிரசங்கத்தோடு வயலும் வேலியும் மாவு ஆலையும் வந்தன. 1840-இல் லோசேன் கப்பலில் லீ அழைத்து வந்த ஐம்பது பேரளவான கூட்டத்தில் போதகர் சிலரே. மற்றவர்கள் உழவர், தச்சர், கொல்லர், ஆசிரியர், அவர்களின் குடும்பத்தார். இதை ஊழியக் குழு என்பதா, புது ஊர் என்பதா?

விட்மனைப் பற்றிய புகழுரைகள் வெறும் கட்டுக்கதை என்று சிலர் மறுக்கலாம். ஆரிகனை அமெரிக்காவுக்குக் காப்பாற்றித் தந்தவர் அவரே என்ற கதையை யேல் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு போர்ன் நூறாண்டுக்கு முன்பே தகர்த்துவிட்டார், நல்லது. 1842-இல் விட்மன் கிழக்கே விரைந்ததற்கு உடனடிக் காரணம், நிலையத்தை மூடச் சொன்ன, அவரை அனுப்பிய பாஸ்டன் மிஷன் சங்கத்தின் ஆணைதான். ஆனால் மறு ஆண்டு திரும்பும்போது, ஆயிரம் பேரளவில் மேற்கு நோக்கி வந்த கூட்டத்துக்கு வழிகாட்டி உதவினார். வெள்ளையர் குடியேற்றத்துக்கு உதவுவதே தமது பெரும்பணி என்று 1844-இல் மனைவியின் பெற்றோருக்கு எழுதினார். கதை பொய்த்தாலும் கடிதம் பொய்க்கவில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று. செரோக்கி மக்களின் உரிமைக்காக 1831-இல் ஜார்ஜியாவில் சிறை சென்ற சாமுவேல் வூஸ்டரும் அதே சங்கத்தைச் சேர்ந்தவர்தானே? உண்மை. ஆனால் செரோக்கியருக்குச் சொந்த அரசியல் சட்டமும் ஆட்சிமன்றமும் இருந்தன. அங்கே மிஷனரி விருந்தாளி. இதே சங்கம் 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும் ஆள் அனுப்பியது. அங்கே ஆங்கில அரசு புதிய அமெரிக்க மிஷனரிகள் வரவே சில ஆண்டுகள் தடை விதித்தது. எனவே, வட்டுக்கோட்டையில் 1823-இல் செமினரி கண்ட அவர்கள் ஆசிரியர்களாகவே அறியப்பட்டார்கள். குடியேற்றம் எதுவும் பின்தொடரவில்லை. ஆக, வேறுபாடு பக்தியில் இல்லை, நிலத்தின்மேல் யாருக்கு அதிகாரம் என்பதில் இருக்கிறது.

1847-இல் தட்டம்மை கேயூஸ் மக்களைக் கொத்துக் கொத்தாய்க் கொன்றது. அதற்கு விட்மனே காரணம் என்று கருதிய கேயூஸ் சிலரால் விட்மன் தம்பதியர் உட்படப் பதின்மூவர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஆரிகன் பிரதேசத்தை அமைத்த சட்டம், பழங்குடியினரிடையே மிஷன்கள் வைத்திருந்த நிலையங்களுக்கு 640 ஏக்கர் வரை சமயச் சங்கங்களுக்கே உரிமை வழங்கியது. அந்தக் கொலைகளுக்காக 1850-இல் ஐந்து கேயூஸ் ஆண்கள் தூக்கிலிடப்பட்டார்கள். இங்கே கட்டுரை படிக்கவிருப்போர் ஞானஸ்நானப் பதிவேட்டோடு நிலப் பதிவேட்டையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.