உணவும் ஒளியும் ஆற்றுப்படையும்



உணவை ஒளிப்படம் எடுக்கும் கலையைக் கற்பதும் கற்பிப்பதும் ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவுக்கு உரிய பொருளா என்னும் ஐயம் இந்த அவையில் சிலருக்கு எழக்கூடும். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தபடியே கவிதை எழுதும் வள்ளூர் வட்டாரத்தில், கிண்ணத்தையும் கறியையும் அழகாகப் படம் பிடிப்பது பற்றி என்ன பேச்சு என்றும் கேட்கலாம். இக்கேள்விக்குத் தொல்காப்பியரே விடை வைத்திருக்கிறார். அகத்திணையியலில் ஒரு நிலத்துக்குரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும் இடத்தில், தெய்வத்துக்கு அடுத்தபடியாக அவர் வைப்பது உணவை. மரமும் பறவையும் பறையும் யாழும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஒரு நிலத்தை அறிய வேண்டுமானால் அங்குள்ளோர் எதை உண்கின்றனர் என்று பார் என்பது அந்த வரிசையில் அடங்கியிருக்கும் கட்டளை. ஆகவே உணவைப் பார்ப்பது புலவரின் தொழில். அதை ஒளியால் பார்ப்பது அத்தொழிலின் புதிய கிளை.

புதியது என்றாலும், அக்கிளைக்கு ஏறத்தாழ ஒளிப்படக் கலையின் வயதே ஆகிறது. இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'இயற்கையின் எழுதுகோல்' என்னும் நூலில் கட்டடங்களும் சிலைகளும் புத்தக அடுக்கும் இருக்கின்றன. அவற்றோடு பழங்கள் நிறைந்த இரண்டு கூடைகளின் படமும் இருக்கிறது. 1930இல் அமெரிக்காவின் எட்வர்டு வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனல் ஒன்றினுள் வைத்துப் படம் எடுத்தார். புனலின் உட்புறத்தில் பட்டுத் திரும்பிய ஒளி, அந்தக் காயின் மடிப்புகளைக் கல்லில் செதுக்கிய உடலைப் போலக் காட்டியது. சமையற்கட்டில் கிடக்கும் ஒரு தகரமே அந்தப் புகழ்பெற்ற படத்துக்குப் பின்னணியாயிற்று. இக்கலைக்கு வேண்டியது விலையுயர்ந்த கருவி என்று நினைப்போர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்று கேமரா ஏறக்குறைய எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. உணவைப் படம் எடுப்போர் ஓரிடத்தில் கூடித் தத்தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் பயிலரங்குகள் பெருகியிருக்கின்றன. அங்கே கற்பிக்கப்படும் பாடங்களில் பெரும்பாலானவை எளியவை. அறையின் டியூப் லைட்டை அணைத்துவிட்டு உணவைச் சன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோ என்பது முதற்பாடம். இரண்டு ஒளி கலந்தால் சோறு ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் பூசிக்கொள்ளும். பக்கவாட்டிலிருந்து ஒளி வரட்டும், நிழல் விழும் எதிர்ப்புறத்தில் ஒரு வெள்ளை அட்டையையோ தெர்மாகோல் பலகையையோ நிறுத்து என்பது இரண்டாவது. இலைச்சாப்பாட்டை மேலிருந்து எடு, குழம்புக் கிண்ணத்தை உண்பவர் பார்க்கும் சாய்வில் எடு, நுரை ததும்பும் காப்பித் தம்ளரை அதன் மட்டத்துக்குத் தாழ்ந்து எடு என்பது மூன்றாவது. ஆவி தெரிய வேண்டுமானால் ஒளி உணவுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், அதன் பின்னணி இருண்டிருக்க வேண்டும்.

தமிழர் உணவுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கேமரா எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி ஒளியை அளக்கிறது. இட்லித் தட்டை அதன் போக்கில் விட்டுவிட்டால் வெண்மை மங்கிவிடும். கருவாட்டுக் குழம்பை அப்படி விட்டுவிட்டால் மண்சட்டியின் கருமை வெளிறிவிடும். ஆகவே வெள்ளை உணவுக்கு ஒளியைச் சற்றுக் கூட்ட வேண்டும், கருமை உணவுக்குக் குறைக்க வேண்டும். கருவி சொல்வதை அப்படியே நம்பாமல், கண் அறிந்த நிறத்துக்காகக் கருவியைத் திருத்துவதே பயிற்சி.

இப்பயிலரங்குகளில் பின்பற்றத்தக்க முறை ஒன்று கவிஞர்களுக்கு நன்கு பழக்கமானது. ஓர் உணவை நடுவில் வைத்துப் பத்துப் பேர் படம் எடுப்பர். பிறகு பத்துப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பர். ஒரே ஈற்றடியைக் கொடுத்துப் பத்துப் புலவரை வெண்பாப் பாடச் சொல்வதும் இதுவும் ஒன்றே. பிறர் எடுத்ததைப் பார்க்கும்போதுதான் தான் பார்க்கத் தவறியது எது என்பது விளங்குகிறது.

ஆயினும் கைத்திறன் வளர வளர ஒரு சோதனையும் வருகிறது. அமெரிக்காவில் சூப் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்று, விளம்பரப் படத்தில் காய்த்துண்டுகள் மேலே மிதப்பதாகக் காட்ட, கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டது. இது மக்களை ஏமாற்றுவது என்று எழுந்த புகாரின்மேல், அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் 1970இல் அதனைத் தடுத்து ஆணையிட்டது. அப்படத்தில் கறியும் காயும் உண்மையானவை, ஒளியும் உண்மையானதே. மறைக்கப்பட்டது கிண்ணத்தின் அடி மட்டுமே. உணவுப் படம் பொய் சொல்லும் இடம் பெரும்பாலும் அதுதான். மேலே தெரிவதை அழகாகக் காட்டி, அடியில் இருப்பதை அது காட்டாது விடுகிறது.

அன்பர்களே, வடசென்னையில் அந்த அடி எது?

ஓர் உணவகத்தின் விளம்பரத்தில் இறால் வறுவலின் படம் இருக்கிறது என்று கொள்வோம். சன்னல் ஒளி, கறிவேப்பிலையின் பளபளப்பு, எலுமிச்சைத் துண்டு என எல்லாம் இலக்கணப்படி அமைந்த படம். அதே இறாலுக்கு வேறொரு படமும் உண்டு. எண்ணூரில் கொசஸ்தலையாற்றை ஒட்டிய பக்கிங்காம் கால்வாய் நீரில் அமர்ந்து, வலையோ தூண்டிலோ இல்லாமல், சேற்றை வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். இரண்டு கைகளும் நீருக்குள் வேலை செய்வதால் பனையோலைக் கூடையைப் பற்களால் கவ்விக்கொள்வார்கள். அவர்களுள் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியைத் தொடர்ந்து படம் எடுத்து உலகறியச் செய்தவர் எம். பழனிக்குமார். சிப்பியும் சேறும் கிழித்த அந்த அம்மையாரின் உள்ளங்கைகளையும் அவர் படமாக்கியிருக்கிறார்.

பழனிக்குமார் மதுரைப் பக்கத்தைச் சேர்ந்தவர். மதுரைக் கரிமேடு மீன் சந்தையில் மீன் வாங்கி விற்ற தாயின் மகன். அத்தாயின் உழைப்பையே அவர் தம் கேமராவின் முதன்மையான பாடங்களுள் ஒன்றாக ஆக்கிக்கொண்டார். 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக்காப்பகமாகிய 'பாரி'யில் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றுபவர். 2022இல் 'தயானிதா சிங்–பாரி' ஆவண ஒளிப்பட விருதின் முதற்பேறு அவருக்கே வாய்த்தது.

அவரை உணவு ஒளிப்படக் கலைஞர் என்று எவரும் அழைப்பதில்லை. எனினும் மீன் தட்டுக்கு வருமுன் அது யார் கையில் இருந்தது, எந்த நீரில் இருந்தது என்று காட்டும் படத்தை வேறு எப்பெயரால் அழைப்பது? மேலே சொன்ன இரண்டு படங்களும் பக்கவொளி, நிழல், கோணம் என்னும் ஒரே இலக்கணத்தில் எடுக்கக்கூடியவை. வேறுபாடு கேமரா எங்கே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் அது எங்கே நிற்கிறது என்பது வாழ்வா சாவா என்னும் கேள்வி. வள்ளூர் அனல்மின் நிலையத்தின் திறன் 1500 மெகாவாட். அதன் அருகிலேயே வடசென்னை அனல்மின் நிலையமும் இருக்கிறது. நிலக்கரி எரிந்து எஞ்சும் சாம்பல் எண்ணூர்க் கழிவெளியில் படிந்து நீரின் ஆழத்தைக் குறைத்திருக்கிறது என்பது மீனவர்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் முறையீடு. 2017 சனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையில் எண்ணெய் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம் வரை பரவி, படகிலும் வலையிலும் அலையாத்தி வேர்களிலும் ஒட்டிக்கொண்டது. அந்த நாள்களில் இங்கே பிடித்த மீனை வாங்க ஆள் இல்லை. தட்டை மட்டுமே படம் எடுத்த கேமராவுக்கு இவை எதுவும் தெரியாது.

நெய்தல் நிலத்தின் உணவு எது என்று உரையாசிரியர்கள் கூறுவதை இங்கே நினைவுகூர்வது தகும். மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பொருளே நெய்தலார் உணவு என்பார்கள். பிடித்தவர் பிடித்ததை விற்றே உண்கிறார் என்னும் உண்மை அந்த உரைக்குள் இருக்கிறது. இறால் பிடிக்கும் பெண்ணின் வீட்டுச் சோறு அவருடைய கூடை நிறைவதைப் பொறுத்தது. கூடை நிறையாத நாளில் வீட்டில் உலை இல்லை. ஆதலால் நெய்தலின் உணவைப் படம் எடுப்பவர் அந்தக் கூடையையும் எடுத்தாக வேண்டும்.

பழனிக்குமார் தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கும், கேமராவை விலை கொடுத்து வாங்க இயலாத வீட்டு இளைஞர்களுக்கும் அவர் ஒளிப்படம் கற்பித்து வருகிறார். வடசென்னை இளையோர் தங்கள் தெருவையும் வீட்டையும் தாங்களே எடுத்த படங்கள் 2023இல் சென்னையில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அதுவரை வடசென்னையை வெளியிலிருந்து வந்தவர்களே பெரிதும் படம் எடுத்தனர். இப்போது சட்டத்துக்குள் எது வர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை உள்ளூர்ப் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது.

தமிழில் இச்செயலுக்குப் பழம்பெயர் உண்டு: ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறியவனாக எதிர்ப்படும் பாணனுக்கு வழி சொல்கிறான். தான் பெற்றதை ஒளித்து வைக்காமல் சொல்வதே அந்த இலக்கியத்தின் அறம். வழியைச் சொல்லும்போது அவன் உணவையும் சொல்கிறான், அதனை நிலத்தோடும் கையோடும் சேர்த்தே சொல்கிறான். ஆயர் குடியிருப்பில் பாலோடு தினைச்சோறும், வலைஞர் குடியிருப்பில் சுட்ட மீனும் கிடைக்கும் என்கிறது பெரும்பாணாற்றுப்படை. எயிற்பட்டினத்தில் நுளையர் வீடுதோறும் சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்கிறது சிறுபாணாற்றுப்படை. இன்ன நிலம், இன்ன மக்கள், இன்ன உணவு என்னும் மூன்றும் அங்கே பிரிவதில்லை. பெரும்பாணாற்றுப்படை பாடிய உருத்திரங்கண்ணனாரும் சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரும் உணவை வெறும் தட்டில் வைத்துக் காட்டவில்லை.

ஆகவே உணவை ஒளிப்படம் எடுக்கக் கற்போருக்கு மேற்சொன்ன பாடங்களோடு இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சன்னல் ஒளியில் குழம்பை எடுத்தபின், அந்த மீனை விற்ற அம்மையாரிடம் சென்று, ஒப்புதல் கேட்டு, அவர் கூடையை அதே கவனத்தோடு எடுக்க வேண்டும். எடுத்த படத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். படத்தில் ஏதேனும் விடுபட்டிருக்குமானால் அதை அவர் சொல்வார். அவரைக் காட்டிலும் நல்ல ஆசிரியர் இவ்வட்டாரத்தில் அரியர்.

பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டத்துக்கும் இதில் பணி இருக்கிறது. மாதந்தோறும் கவிதை வாசிக்கும் கூட்டத்தில் ஒருமுறை, எண்ணூர்க் குப்பங்களின் பிள்ளைகள் எடுத்த படங்களையும் வைத்துப் பார்க்கலாம். தாய்மார்கள் கொண்டுவரும் மீனின் பெயர், அது கிடைத்த இடம், இப்போது அது கிடைக்கிறதா என்னும் செய்தி ஆகியவற்றைப் படத்தின் கீழே கவிஞர்கள் எழுதித் தரலாம். மீன்கள் குறையும்போது அவற்றின் பெயர்களும் வழக்கிலிருந்து குறைகின்றன. படமும் பெயரும் சேர்ந்து இருந்தால், இனி வரும் பாணனுக்கு வழி சொல்ல ஏதேனும் மிஞ்சும்.