எலும்பை அரிக்கும் நாடாப்புழு



நாயின் குடலில் அரை அங்குலத்திற்கும் குறைந்த நாடாப்புழு ஒன்று வாழ்கிறது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளிப்பட்டுப் புல்லிலும் கீரையிலும் நீரிலும் கலக்கின்றன. அவற்றை உட்கொள்ளும் ஆடுமாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் உண்டாகின்றன. அக்கட்டியுள்ள ஈரலைப் பச்சையாகத் தின்னும் நாயினுள் புழு மீண்டும் வளர்கிறது.

மனிதன் வயிற்றில் இம்முட்டைகள் புகுந்தாலும் கட்டிகள் தோன்றும். அரிதாக அவை எலும்பையும், சிறப்பாக முதுகெலும்பையும் பற்றும். பிற உறுப்புகளில் கட்டியைச் சுற்றி உடல் உறையொன்றை அமைக்கிறது. எலும்பில் அவ்வுறை இல்லை. ஆகவே சிறு கட்டிகள் உள்ளே பரவி அதனை அரிக்கின்றன. பல ஆண்டுகள் நோவு தெரியாதிருந்து, பின்னர் எலும்பு முறியலாம், கால்கள் செயலிழக்கலாம். அந்நிலையில் அறுவைச் சிகிச்சையாலும் முழுக்குணம் அரிது.

தடுப்பதோ எளிது. 1959-இல் தனிச் சட்டம் இயற்றிய நியூஸிலாந்து, நாய்களுக்குப் பச்சை ஈரல் போடுவதைத் தடுத்தும் புழு மருந்து கொடுத்தும், 2002-இல் இந்நோய் நீங்கிய நாடென முதற்கட்டமாக அறிவிக்கப்பட்டது.

நாமும் ஆடறுக்குமிடத்துக் கழிவை நாய் எட்டாதபடி ஆழப் புதைப்போம். கால்நடை மருத்துவரைக் கேட்டு வளர்ப்பு நாய்க்குப் புழு மருந்து கொடுப்போம். கீரையையும் கையையும் நன்கு கழுவியே உண்போம். கழிவுக்குழி வெட்டப் பஞ்சாயத்துக்கு ஆகும் செலவு சிறிது. படுக்கையில் வீழ்ந்த உழவனின் குடும்பத்துக்கு ஆகும் செலவோ பெரிது.