கையெழுத்துப் போடும் முன்



வெளியே சொல்ல நாம் கூச்சப்படும் ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறேன். நமக்குள் என்ன கூச்சம்?

என் சித்திக்கு 44 வயது. ஆறு மாதமாக மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீண்டது. கட்டி கட்டியாகப் போனது. முகம் வெளுத்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. "வயசானா இப்படித்தான்" என்று சும்மா இருந்தார்.

கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். "கருப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறது. விட்டால் புற்றுநோய் ஆகிவிடும். நாளைக்கே கருப்பையை எடுத்துவிடலாம்" என்றார்கள். ஒரு தாளை நீட்டினார்கள்.

முன்பென்றால் சித்தி கைநாட்டு வைத்திருப்பார். இப்போது எழுத்துக் கூட்டிப் படித்தார். கருப்பையோடு சினைப்பைகளையும் எடுக்கச் சம்மதம் என்று இருந்தது. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

பிறகு அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

கருப்பையின் உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது. மாதா மாதம் அது வளரும். பிறகு உதிரும். அதுதான் மாதவிலக்கு. சவ்வை வளர்ப்பது ஒரு சுரப்பு. அதைக் கட்டுக்குள் வைப்பது இன்னொரு சுரப்பு. மாதவிலக்கு நிற்கப் போகும் வயதில் இந்த இரண்டாவது சுரப்பு குறையலாம். உடல் பருத்தவர்களுக்கும், மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகும் இளம் பெண்களுக்கும் சவ்வு தடிக்கலாம். பழைய மெழுக்கைச் சுரண்டாமல் மேலே மேலே சாணம் மெழுகினால் தரை தடிக்கும் அல்லவா? அது போலத்தான்.

இது புற்றுநோய் அல்ல. இதில் இரண்டு வகை உண்டு. சாதாரண வகை 20 ஆண்டுகளில் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகவே புற்றுநோயாக மாறும். மற்ற வகையில் ஆபத்து அதிகம். அதற்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படும். எந்த வகை என்று ஸ்கேனில் தெரியாது. சவ்வில் சிறிது எடுத்துச் சதைப் பரிசோதனை செய்ய வேண்டும்.

சித்திக்குச் சாதாரண வகை. ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மறுபடி சோதித்தார்கள். சவ்வு சரியாகி இருந்தது.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் கருப்பையை எடுத்திருந்தது 2019 இல் தெரிய வந்தது. தேவையில்லாத கருப்பை அறுவையைத் தடுக்க வேண்டும் என்று 2023 இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

ஏழு நாளுக்கு மேல் இரத்தம் போகிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? நடுவில் படுகிறதா? தள்ளிப் போடாதீர்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

அங்கே மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த வகை? சதைப் பரிசோதனை செய்தீர்களா? மாத்திரையில் சரியாகுமா?

பதிலைக் கேளுங்கள். தாளைப் படியுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.