பூனைக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். ஆனால் எங்கள் வீட்டுச் சிட்டுவுக்கும், சி பிளாக்கில் இரண்டு பூனைகளுக்கும் கருத்தடை ஆபரேஷன் ஆனபோது கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்த ஒரு நோட்டும் இருக்கிறது. அதிலிருந்துதான் பேசுகிறேன். உங்கள் டாக்டர் சொல்வதும் நான் சொல்வதும் வேறாக இருந்தால் டாக்டர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில், எதற்கு ஆபரேஷன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடியும் சினை பிடிக்கலாம். நம்மைப் போல வெயில் ஊரில் வருடம் முழுக்க இது நடக்கும். கூட்டு வட்டி எப்படி ஏறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, பூனையின் நலன் பற்றியது. ஆறு மாதத்துக்கு முன்பே ஆபரேஷன் செய்த பூனைகளுக்கு மடிக்கட்டிப் புற்று வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைகிறது என்று 2005-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. பூனைக்கு அந்தக் கட்டி வந்தால் பெரும்பாலும் கெட்ட கட்டிதான்.

எங்கே செய்வது என்பதும் ஒரு கேள்வி. நாமக்கல் என்றால் முட்டையும் லாரியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். 1985-லிருந்து அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொன்னாலும் அங்கே நாய், பூனைக்கும் வைத்தியம் உண்டு. நம் சேலம் மாவட்டத்திலேயே தலைவாசல் பக்கம் 2021-ல் இன்னொரு கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள். ஊருக்குள் தனியார் டாக்டர்களும் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம் என்னவென்றால், எங்கே செய்தாலும் சரி, நாலாம் நாள் ராத்திரி ஒன்று என்றால் போன் எடுக்கக்கூடிய டாக்டர் பக்கத்தில் ஒருவர் வேண்டும். நாமக்கல் போய்வருவதே நூறு கிலோமீட்டருக்கு மேல்.

ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை மணி நேரம் சாப்பாடு நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குட்டிக்கு ஒரு கணக்கு, பெரிய பூனைக்கு ஒரு கணக்கு. குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும்.

வீட்டுக்கு வந்த அன்று பூனை குடித்தவன் மாதிரி தள்ளாடும். கண் திறந்தே இருக்கும், மூன்றாவது இமை பாதிக் கண்ணை மூடியிருக்கும். பயப்பட வேண்டாம், மயக்க மருந்தின் வேலை. உயரத்தில் மட்டும் விடாதீர்கள். கட்டில், சோபா எதுவும் கூடாது. வெளிச்சம் குறைவான சின்ன அறையில் தரையில் பழைய போர்வை போட்டு விடுங்கள். வெளியே 38 டிகிரி வெயில் அடித்தாலும் மயக்க மருந்தால் அதன் உடம்பு குளிர்ந்து போயிருக்கும். ஏசிக்கும் ஃபேனுக்கும் நேர் கீழே வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து தலையை நேராக வைத்த பிறகு கொஞ்சம் தண்ணீர், அப்புறம் வழக்கத்தில் கால் பங்கு சாப்பாடு. உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் சேராத வேகவைத்த கோழி போதும். "பாவம், ஆபரேஷன் ஆன உடம்பு" என்று பால் காய்ச்சி ஊற்றாதீர்கள். வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிறு போகும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கஷ்டமே மூன்றாம் நாள்தான். முதல் நாள் சோர்ந்து கிடக்கும், எல்லாரும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம். மூன்றாம் நாள் காலையில் அது கத்தும், கூண்டைப் பிராண்டும், சாப்பாட்டை ஒரே மூச்சில் தின்னும். நமக்கோ குணமாகிவிட்டது என்று சந்தோஷம். "பாவமுங்க்கா, ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய உட்டா என்னங்க?" என்று சி பிளாக்கில் கேட்டார்கள். அந்த அஞ்சு நிமிஷத்தில்தான் அது பிரிட்ஜ் மேலே ஏறும்.

டாக்டர் உள்ளே சதையைத் தனியாக, மேலே தோலைத் தனியாகத் தைத்திருக்கிறார். நம் கண்ணுக்குத் தெரிவது தோல் மட்டும். அது நாலைந்து நாளில் ஒட்டினாற்போல் இருக்கும். ஆனால் வெட்டிய தோல் மூன்று வாரத்தில் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் திரும்பப் பெறும் என்பது அறுவை சிகிச்சைப் பாடநூல்களில் உள்ள கணக்கு. மனுஷருக்கும் அதே நிலைமைதான், நாம் அதனால் குடம் தூக்காமல் இருக்கிறோம். பூனைக்கு அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ஒரு தாவலில் உள் தையல் விட்டால் குடல் தோலுக்கு அடியில் இறங்கும். மறுபடி மயக்க மருந்து, மறுபடி கத்தி.

அதனால் கூண்டு வேண்டும். பூனை கூடை இல்லை, நாய்களுக்கு விற்கும் பெரிய மடக்குக் கூண்டு. மணல் தட்டும், படுக்கையும், தண்ணீரும் வைத்த பிறகும் அது நின்று திரும்ப இடம் இருக்க வேண்டும். தாவ இடம் இருக்கக் கூடாது. தட்டில் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள் போடுங்கள், மண் காயத்தில் ஒட்டாது. கூண்டை இருட்டு மூலையில் பத்து நாளும் வைத்தால் பைத்தியம் பிடித்துவிடும். முதல் நாளுக்கு அப்புறம் ஜன்னல் ஓரம் மாற்றுங்கள். காக்காயையும் தென்னை மரத்து அணிலையும் பார்த்துக்கொண்டு இருக்கும்.

துறுதுறு பூனைக்கு உடம்பைக் கட்டினால் மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும். நம் ஊரில் இதற்குச் செலவே இல்லை. முட்டை வாங்கும் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குழிக்கு ரெண்டு ரெண்டு தீனி போட்டு மேலே காகித உருண்டை வைத்துக் கூண்டுக்குள் தள்ளுங்கள். ஒவ்வொரு குழியாகக் கையை விட்டு எடுத்துத் தின்ன அதற்கு இருபது நிமிஷம் ஆகும். சிட்டு மூன்று அட்டையைத் தீர்த்தாள். கயிறு, இறகு, பந்து எதையும் கண்ணில் காட்டாதீர்கள். இவ்வளவுக்கும் அடங்காத பூனை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். சாந்தமாக வைக்க அவர்களிடம் மருந்து இருக்கிறது. கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்தது கழுத்துக் கூம்பு. பூனை நாக்கு உப்புத்தாள் மாதிரி, ஒரு ராத்திரி நக்கினால் தையல் போச்சு. கூம்பு மாட்டியவுடன் சில பூனை பின்னாலேயே நடக்கும், சில அப்படியே சாய்ந்து விழுந்து செத்தது போலக் கிடக்கும். எங்கள் வீட்டுக்காரர் பதறிக் கழற்றப் போனார். அரைமணி நேரம் விட்டால் எழுந்துகொள்ளும். சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைக்காமல் தட்டையான தட்டில் வைத்தால் கூம்பு இடிக்காது. கூம்பே ஆகாது என்றால் குழந்தை பனியன் கையை வெட்டிக் கால் ஓட்டை போட்டு மாட்டலாம். திருப்பூர் நமக்குப் பக்கம்தானே. ஆனால் பனியன் ஈரமானால் உடனே மாற்ற வேண்டும், அடிக்கடி தூக்கிக் காயத்தைப் பார்க்கவும் வேண்டும். எனக்குக் கூம்புதான் நம்பிக்கை.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். "வலிக்குது பாரு, பாராசிட்டமால் அரை மாத்திரை உடைச்சுக் குடுக்கலாமா?" என்று எங்கள் வீட்டிலேயே ஒரு யோசனை வந்தது. பாராசிட்டமால் பூனைக்கு விஷம். பேச்சுக்குச் சொல்லவில்லை, அரை மாத்திரையே உயிரை எடுக்கும். அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகிவிடும். நம் வலி மாத்திரை எதுவும் வேண்டாம். காயத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால் எதுவும் தடவக் கூடாது. டெட்டால் போன்ற மருந்தும், தரை துடைக்கும் பினாயிலும் பூனை நக்கினால் ஆகாது. அந்தப் பதினான்கு நாளும் அறையை வெறும் தண்ணீரிலோ சோப்புத் தண்ணீரிலோ துடையுங்கள். குளிப்பாட்டவே வேண்டாம்.

நான் ஒரு நோட்டில் நாள், மணி, சாப்பாடு, சிறுநீர், மலம், காயம் என்று பத்தி பிரித்து எழுதினேன். பழைய பழக்கம், விடாது. சிரிக்கிறீர்கள், ஆனால் டாக்டர் "கடைசியா எப்ப சாப்பிட்டுது?" என்று கேட்டால் வீட்டில் மூன்று பேர் மூன்று பதில் சொல்வோம். தினம் ஒரே நேரத்தில் காயத்தை ஒரு போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் பல டாக்டர்கள் விலாவில்தான் வெட்டுகிறார்கள், அதனால் படம் எடுக்கச் சுலபம். மலம் போக இரண்டு மூன்று நாள் ஆனால் பரவாயில்லை. சிறுநீர் ஒரு நாள் முழுக்கப் போகவில்லை என்றால் போன் செய்யுங்கள். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாலும் அப்படியே. பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்துவிடும்.

ஒரு வாரத்தில் தையலுக்கு அடியில் கெட்டியாக ஒரு வரப்பு மாதிரி தட்டுப்படலாம். உள் தையலுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது, பெரும்பாலும் தானே கரையும். மெத்தென்று இருந்து நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம் வேறு. அதோடு வாய் விட்ட தையல், சீழ், நாற்றம், நிற்காமல் கசியும் ரத்தம், வெளுத்த ஈறு, மூலையில் சுருண்டு எழாமல் கிடப்பது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஈறு வெளுத்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று அர்த்தம். பூனை நன்றாக இருக்கும்போதே அதன் ஈறு நிறத்தை ஒருமுறை பார்த்து வையுங்கள், அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

பத்திலிருந்து பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள். கரையும் நூல் என்றாலும் ஒருமுறை காட்டுங்கள். அதற்கு முன் கூண்டுக்கு லீவு இல்லை.

நாம் மாடி வீட்டுக்காரர்கள் என்பதால் பால்கனி பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-ல் ஒரு கட்டுரை வந்தது. சிகிச்சை பெற்றதில் பத்தில் ஒன்பது பிழைத்தன. அதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். விழுந்த இடத்திலேயே செத்தது அந்தக் கணக்கில் வரவில்லை. கூண்டிலிருந்து விடும் நாளுக்குள் பால்கனிக்கு வலை அடித்துவிடுங்கள்.

கடைசியாக, கார் பார்க்கிங் வரிப்பூனை. அதைச் சாக்கில் பிடித்து ஏரிப் பக்கம் விடலாம் என்று போன கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. 2023-ம் வருட விலங்குகள் கருத்தடை விதிகளில், குடியிருப்புக்குள் வாழும் இந்த மாதிரிப் பிராணிகளுக்குச் சாப்பாடு வைக்க இடமும் நேரமும் ஒழுங்கு செய்வது சங்கத்தின் பொறுப்பு என்றே போட்டிருக்கிறது. அதை விட்டாலும் இன்னொரு பூனை அந்த இடத்துக்கு வரும். ஆபரேஷன் செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, இங்கேயே விடுவதுதான் தீரும் வழி. அது பாதி பழகிய பூனை, சாப்பாட்டுத் தட்டோடு கூண்டுக்குள் வந்துவிடும். ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக ஆள் கிடைத்துவிட்டது. பதினான்கு நாள் வைத்துக்கொள்ளத்தான் இடமும் ஆளும் இல்லை.

ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் பழைய சைக்கிள் போட்டிருக்கும் அறையைக் காலி செய்து தருவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். எங்கள் கூண்டும் கூம்பும் இருக்கின்றன. காலை ஆறரைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். மத்தியானம் ஒருவர், ராத்திரி ஒன்பதுக்கு ஒருவர், ஆளுக்குப் பத்து நிமிஷம் போதும். வாட்ச்மேனிடம் இருக்கும் பதிவேட்டில் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போகும்போது பெயரும் வீட்டு எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். ராத்திரிக் கட்டம் பதினான்கும் இன்னும் காலியாக இருக்கிறது.