ஒரு கைக்கு இரு பக்க மூளை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். அதனால் முதலில் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வலது கையால் காற்றில் வட்டம் போடுங்கள். நிறுத்தாமல், இடது கையால் சதுரம் போடுங்கள். சிரிப்புச் சத்தம் கேட்கிறது. வட்டத்துக்கு மூலை வந்துவிட்டது, சதுரம் உருண்டுவிட்டது, இல்லையா?

வலது கையை இடது மூளை ஆட்டுகிறது, இடது கையை வலது மூளை ஆட்டுகிறது என்று பள்ளியிலேயே படித்தோம். அது பொய்யில்லை. மூளையிலிருந்து கைகால்களுக்கு இறங்கும் இயக்க நரம்பிழைகளில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை, முகுளத்தில் பக்கம் மாறித்தான் தண்டுவடத்துக்குள் போகின்றன. மீதி இழைகள் பக்கம் மாறாமலே இறங்கி, பெரும்பாலும் நடு உடம்புக்கும் தோளுக்கும் உதவுகின்றன. சிறுமூளையோ நேர்மாறு. அதன் வலப்பக்கம் வலது கையைத்தான் கவனிக்கும். ஆக, ஒரு கை சும்மா எழுந்தாலே இரண்டு பக்கமும் வேலைக்கு வந்தாச்சு.

1993-இல் அமெரிக்காவில் மினசோட்டாவில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஆட்களைப் படுக்க வைத்து விரலை அசைக்கச் சொன்னார்கள். வலது மூளையின் இயக்கப் பகுதி பெரும்பாலும் இடது கைக்கு மட்டுமே விழித்தது. இடது மூளை இரண்டு கைக்கும் விழித்தது. கருவி எதுவும் இல்லாத காலத்தில், 1900-களின் தொடக்கத்திலேயே ஹியூகோ லீப்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் நோயாளிகளைப் பார்த்தே இதைச் சொல்லிவிட்டார். இடது மூளையில் அடிபட்டவர்களில் பலருக்கு, வாதம் தொடாத இடது கையும் சொன்ன வேலையைச் செய்யத் தடுமாறியதை அவர் கண்டார். படம் எடுப்பதற்கு முன் நோயாளியைப் பாருங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வது இதனால்தான்.

இந்த இரண்டு பக்கத்தையும் இணைக்க நடுவில் ஒரு பாலம் உண்டு. ஏறத்தாழ 20 கோடி இழைகள். வலிப்பு நோய்க்காக அந்தப் பாலம் வெட்டப்பட்டவர்கள், நீங்கள் இப்போது தோற்றுப்போன மாதிரி வேலையைக் குழப்பமில்லாமல் செய்ததாக 1996-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒவ்வொரு கையும் தன் பாட்டுக்கு வேறு வடிவம் வரைந்தது. ஆனால் தாளம் மட்டும் பிரியவில்லை. இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடித்தன. நம்ம ஊர் வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவரை அடுத்த கொடையில் கவனியுங்கள். ஒரு கையில் பத்தி, மறு கையில் காசு. வேலை வேறு, தாளம் ஒன்று.

இனி, நான் எதற்காக இதைப் பேச வந்தேனோ அதற்கு வருகிறேன். நான் இயன்முறை மருத்துவன். தோவாளைப் பக்கம் பூக்கட்டும் ஓர் அம்மாவுக்கு இடது மூளையில் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. “இந்தக் கை போச்சு, மத்தக் கை நல்லாத்தான் இருக்கு” என்றார் மகள். நான் மேசையில் பயறைக் கொட்டி, இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து டம்ளரில் போடச் சொன்னேன். விரல் பயறுக்கு நேரே போகாமல் வளைந்து வளைந்து போனது. “இடது கை பழக்கமில்ல சார், அதாக்கும்” என்றார் மகள். நியாயமான கேள்வி. அதே வயதுள்ள, அதே வலது கைப் பழக்கமுள்ள அவர் கணவரை இடது கையால் எடுக்கச் சொன்னோம். அந்த அம்மா பாதி முடிப்பதற்குள் அவர் முடித்துவிட்டார்.

இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர் ராபர்ட் செயின்பர்க். இடது மூளை கை போகும் பாதையையும் வேகத்தையும் திட்டமிடுகிறது, வலது மூளை கையைச் சரியான இடத்தில் நிலையாக நிறுத்துகிறது, இரண்டு கைக்கும் இரண்டும் வேண்டும் என்பது அவர் கருத்து. இடது மூளை அடிபட்டால் ‘நல்ல’ கையின் பாதை கோணும். வலது மூளை அடிபட்டால் கை போய் நிற்கும் இடம் பிசகும். வீட்டில் யாருக்காவது வாதம் வந்து, சோறு உண்பதும் சட்டைப் பொத்தான் போடுவதும் ஒரே கையால்தான் என்றால், அந்தக் கையையும் சோதித்துப் பயிற்சி கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம். அந்த அம்மாவுக்குத் தினமும் அரை மணி நேரம், பயறில் தொடங்கி ஊசி நூல் வரை பைய ஏற்றினோம். மூன்றாம் மாதம் யார் உதவியும் இல்லாமல் சாப்பிட்டார். பூக்கட்ட இன்னும் வரவில்லை.

விழுந்த கைக்கும் ஒரு வழி உண்டு. நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கையிழந்தவர்களின் மாய வலிக்காக 1990-களில் ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியைப் பயன்படுத்தினார். 1999-இல் அதையே அவர் குழு 9 பக்கவாத நோயாளிகளிடம் சோதித்தது. 2018-இல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கை அசைவில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. அதிசயமில்லை, ஓரளவுதான். ஆனால் செலவு ஒரு கண்ணாடி விலை.

செய்முறை இதுதான். கண்ணாடியை நடு நெஞ்சுக்கு நேரே நிறுத்துங்கள். விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைய வேண்டும். நல்ல கையை அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்க்க வேண்டும்; விழுந்த கையே அசைவதாகத் தோன்றும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் முதலில் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால், இது என் கை இல்லையே என்று மூளை உடனே கண்டுபிடித்துவிடும்.