மிளகாய்ப் பணத்தை எந்த நிதியில் போடுவது?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் இராமநாதபுரம் மாவட்ட வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக உங்களிடம் விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து என்றுதான் பேசுவேன். இன்று, விளைந்ததை விற்ற பிறகு கையில் நிற்கும் பணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

பங்குனி மாதம் முதுகுளத்தூர் பக்கம் ஒரு மிளகாய்க் களத்துக்குப் போயிருந்தேன். முண்டு மிளகாய் நல்ல விலைக்குப் போயிருந்தது. கடனெல்லாம் அடைத்த பிறகு அந்த விவசாயி கையில் ஒரு லட்சம் ரூபாய் நின்றது. மகன் செல்போனில் இரண்டு பரஸ்பர நிதிகளைக் காட்டியிருக்கிறான். ஒன்று முந்தைய வருஷம் 40 சதவீதம் ஏறியதாம். இன்னொன்று 12 சதவீதம். "சார், நாற்பதை விட்டுட்டு எவன் சார் பன்னிரண்டுல போடுவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் திருப்பிக் கேட்டேன்: "அண்ணே, இந்தப் பணம் உங்களுக்கு எப்ப வேணும்?"

அவர் சொன்னார்: "புரட்டாசியில உழவுக்கும் விதைக்கும் முப்பதாயிரம் வேணும். மக கல்யாணத்துக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் கிடக்கு." பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. மீதியை இப்போது சொல்கிறேன்.

பரஸ்பர நிதி, அதாவது மியூச்சுவல் ஃபண்ட் என்பது என்ன? நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். பல வரத்துக்கால்களில் வரும் தண்ணீர் ஓரிடத்தில் தேங்குகிறது. ஆயக்கட்டுக்காரர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. மடையைத் திறந்து அடைக்க ஒரு நீர்ப்பாய்ச்சி இருக்கிறார். அதேபோலப் பல பேருடைய பணத்தைச் சேர்த்து, நிதி நிர்வாகி ஒருவர் பல கம்பெனிப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் பிரித்துப் போடுகிறார். உங்கள் பங்குக்கு 'யூனிட்' என்று பெயர். ஒரு கம்பெனி நொடித்தாலும் மொத்தமும் போகாது. ஆனால் மழையே பொய்த்தால் கண்மாயும் வற்றத்தான் செய்யும். ஒரு வித்தியாசம்: விளைந்தால்தான் நீர்ப்பாய்ச்சிக்குக் களத்து நெல். நிதி நிர்வாகத்தின் கட்டணமோ லாபமானாலும் நஷ்டமானாலும் கழிந்துகொண்டே இருக்கும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன 1964ஆம் ஆண்டில்தான் யூனிட் டிரஸ்ட் நிறுவனம் 'யூனிட் 64' திட்டத்தைத் தொடங்கியது. அரசு தொடங்கியது என்று லட்சக்கணக்கான குடும்பங்கள் நம்பிப் போட்டன. பல்லாண்டுகள் நன்றாகவே நடந்தது. ஆனால் யூனிட்டின் விலையை, உள்ளே இருந்த சொத்தின் மதிப்பைப் பார்த்து வைக்கவில்லை, நிர்வாகமே நிர்ணயித்தது. கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாமலே மடை திறந்த மாதிரி. பங்குச் சந்தை விழுந்தபின், 2001 ஜூலையில் யூனிட் வாங்குவதும் விற்பதும் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டன. அவசரத்துக்கு எடுக்கலாம் என்று இருந்தவர்கள் தவித்துப்போனார்கள். பின்னால் அரசு கைகொடுக்க வேண்டி வந்தது. இன்றைக்கு ஒவ்வொரு நிதியும் தன் யூனிட்டின் நிகர சொத்து மதிப்பை வேலை நாள்தோறும் வெளியிட வேண்டும். செபி என்ற அமைப்பு கண்காணிக்கிறது. கண்காணிப்பு என்றால் லாப உத்தரவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. பரஸ்பர நிதிக்கு அது கிடையாது.

சரி, இரண்டு நிதிகளை எப்படி ஒப்பிடுவது? நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, ரகம். நெல்லையும் மிளகாயையும் ஏக்கர் மூட்டைக் கணக்கில் ஒப்பிடுவோமா? செபி 2017இல் நிதிகளை ரகம் பிரித்து வைத்தது. சிறு நிறுவனப் பங்கு நிதி வேகமாக ஏறும், வேகமாக விழும். பங்கும் கடன் பத்திரமும் கலந்தது கலப்பு நிதி. அதிலும் 65 முதல் 80 சதவீதம் வரை பங்கில் போடுவது ஒன்று, 10 முதல் 25 சதவீதம் மட்டும் போடுவது இன்னொன்று. நம்ம விவசாயி காட்டிய 40 சதவீத நிதி சிறு நிறுவன ரகம். 12 சதவீத நிதி கலப்பு ரகம். இரண்டும் ஒரே தராசில் நிற்காது. அதனால் ஒரே ரகத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, நல்ல வருஷத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து வருஷம், பத்து வருஷக் கணக்கைப் பாருங்கள். 2020 ஜனவரியில் சுமார் 42,000 புள்ளியில் இருந்த சென்செக்ஸ், கொரோனா நேரத்தில் மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய உயரத்தைத் தாண்டவும் செய்தது. பொறுத்திருந்தவர் தப்பினார், அவசரத்துக்கு விற்றவர் நஷ்டப்பட்டார். நீங்கள் பார்க்கும் நிதி அந்த மார்ச்சில் எவ்வளவு விழுந்தது என்று கேளுங்கள். வறட்சியைத் தாங்கும் ரகம் எது என்று நாம் கேட்பதில்லையா? அதே கேள்விதான்.

மூன்றாவது, செலவு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நிதி நிறுவனம் வருஷாவருஷம் உங்கள் பணத்தில் ஒரு சதவீதக் கணக்கில் செலவை எடுத்துக்கொள்ளும். ஏஜெண்டு மூலம் வாங்கினால் அவர் கமிஷனும் அதில் அடக்கம். 2013 முதல் ஏஜெண்டு இல்லாத 'நேரடித் திட்டம்' ஒவ்வொரு நிதியிலும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் ரூபாய் வருஷம் 10 சதவீதம் வளர்ந்தால் 15 வருஷத்தில் சுமார் 4 லட்சத்து 17 ஆயிரம். செலவு ஒரு சதவீதம் கூடி, 9 சதவீதம்தான் நின்றால் சுமார் 3 லட்சத்து 64 ஆயிரம். ஒரே ஒரு சதவீதம், 53 ஆயிரம் ரூபாயைத் தின்றுவிட்டது! கணக்கு விளங்கத்தான் 10 என்றேன்; அப்படியே கிடைக்கும் என்று பொருள் அல்ல.

நிர்வாகியே தேர்ந்தெடுக்காமல், சந்தைக் குறியீட்டில் உள்ள கம்பெனிகளை அப்படியே வாங்கும் 'இண்டெக்ஸ் நிதி'யும் உண்டு. அதற்குச் செலவு குறைவு. பெரிய நிறுவனப் பங்குகளில் போடும் நிர்வாக நிதிகள் பல, நீண்ட காலத்தில் குறியீட்டைத் தாண்ட முடியாமல் போயிருக்கின்றன. ஆகவே கூடுதல் செலவு கேட்கும் நிதி கூடுதலாக விளைவித்ததா என்று பார்த்துப் பணம் போடுங்கள்.

நான்காவது, பணத்தைத் திரும்ப எடுக்கும் வழி. பல பங்கு நிதிகளில் ஓராண்டுக்குள் எடுத்தால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஐந்து நிதி வாங்கினால் ஐந்து மடங்கு பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். ஐந்திலும் அதே பெரிய வங்கிகளின் பங்குகள் இருந்தால், ஒரே கண்மாயில் ஐந்து மடை வைத்த கதைதான். இராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு நாற்பத்தெட்டு மடை என்பார்கள், தண்ணீர் ஒன்றுதானே!

மாதாமாதம் போடும் 'சிப்' முறை சம்பளக்காரர்களுக்குத் தோதானது. நமக்கு வருமானம் அறுவடையில் வருகிறது. கடலோரச் சகோதரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அந்த மாதங்களில் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி அபராதம் போடலாம். எனவே தடைக்காலத்துக்கு முன்பே தவணையை நிறுத்தி வைக்க எழுதிக்கொடுங்கள். அல்லது கையில் பணம் வரும்போது மட்டும் போடுங்கள்.

நானும் ஒரு தப்புச் செய்தவன்தான். 2018 தொடக்கத்தில், முந்தைய வருஷம் முதலிடத்தில் நின்ற சிறு நிறுவன நிதி ஒன்றில் சேமிப்பைப் போட்டேன். இரண்டு வருஷம் இறங்குமுகம். 2020 மார்ச்சில் பயந்துபோய் விற்றேன். குற்றம் நிதியின் மேல் இல்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணத்தை அங்கே போட்டது என் குற்றம்.

அதனால் அந்த விவசாயியிடம் இப்படிச் சொன்னேன்: "அண்ணே, புரட்டாசி முப்பதாயிரத்தை வங்கியிலேயே வையுங்க. ஆஸ்பத்திரி, மாடு, மோட்டார் ரிப்பேருக்கு இருபதாயிரம் தொடாம இருக்கட்டும். மீதி ஐம்பதாயிரம்தான் கல்யாணப் பணம். அதைச் செலவு குறைஞ்ச ஒரு கலப்பு நிதியில நாலஞ்சு தவணையாப் போடுங்க. கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா வங்கிக்கு மாத்திடுங்க." கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நாற்பது சதவீதம்?" என்றார். "அது போன வருஷ மழை, அண்ணே" என்றேன். சிரித்துவிட்டார்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பயிர்க் கடன் வாங்கி எந்த நிதியிலும் போடாதீர்கள். "மாசம் இத்தனை சதவீதம் நிச்சயம்" என்று ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றால், அவர் விற்பது பரஸ்பர நிதி அல்ல. விற்பவரிடம் ஏ.ஆர்.என். என்ற பதிவு எண்ணைக் கேளுங்கள். ரொக்கமாகக் கையில் கொடுக்காமல், நிதியின் பெயருக்கு வங்கி மூலமே செலுத்துங்கள்.

விதை வாங்குமுன் முளைப்புத் திறன் பார்க்கும் நாம், பணத்தை விதைக்குமுன்னும் பார்ப்போம்.